மடகாஸ்கரின் காட்டு வால்மிளகு: சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

மிளகுரசம்:

வேலைக்காக மடகாஸ்கரில் எட்டு மாதம் இருந்தேன். அண்டனானரிவோவில் நாங்கள் தங்கிய வீட்டில் சமைத்துக்கொடுத்த அம்மா ஒருநாள் ஒரு தாள் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் சிறிசு, ஒவ்வொன்றுக்கும் ஈர்க்குத் துண்டு மாதிரி ஒரு வால். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வால்மிளகுதான் என்று நினைத்து இரண்டை வாயில் போட்டுக் கடித்தேன். வால்மிளகு கற்பூரம் மாதிரி குளிர்ந்து, பிறகு கசக்கும். இது வேறு. முதலில் மழை நனைத்த மரப்பட்டை வாசனை, அதன் பின்னாலேயே நாரத்தைத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம். காரம் கடைசியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பெயர் வூவாட்சிபெரிஃபெரி. மலகாசி மொழியில் 'வூவா' என்றால் காய். ட்சிபெரிஃபெரி என்பது கொடியின் பெயர். தாவரவியலில் பைப்பர் போர்போனென்ஸ் என்கிறார்கள். போர்போன் என்பது பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர். நம் மிளகு பைப்பர் நிக்ரம், வால்மிளகு பைப்பர் க்யூபெபா. எல்லாம் பங்காளிகள்தான், ஆனால் குணம் ஒட்டாது.

எனக்கு உடனே வெண்பொங்கல் ஆசை வந்துவிட்டது. நெய்யைக் காயவைத்து, சீரகத்தோடு ஒரு கைப்பிடியைப் போட்டுப் பொரியவிட்டேன். அடுக்களை முழுக்க மணந்தது. பொங்கலில் ஒன்றுமே இல்லை! வாசனையெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விட்டது, வால்கள்தான் பல்லில் குத்தின. அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் அன்று ரவிடுடு செய்திருந்தார், இடித்த மரவள்ளி இலையோடு பன்றிக்கறி. அடுப்பை அணைத்த பிறகு ஐந்தாறு மிளகை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, மேலே தூவி, தட்டைப் போட்டு மூடினார். மூடியைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஊர் அது, குழம்பு தீரும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.

வேறு யாராவது சமைத்திருக்கிறீர்களா? எதில் போட்டீர்கள்?

லாசப்பல்வாசி:

அண்ணே, பாரிஸில் ஒரு உணவகத்தின் சமையலறையில் ஏழு வருசமாக நிற்கிறேன். இது எங்களிடம் சின்னப் போத்தலில் வரும், முதன்மைச் சமையற்காரர் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். சேர்ந்த புதிதில் அவர் மிளகு அரைத்து வரச் சொல்ல, வழமையான சின்னக் கை ஆலையில் கொட்டிச் சுற்றினேன். வால் சிக்கி ஆலை நின்றுபோய்விட்டது. அன்று வாங்கிய பேச்சை இங்கே எழுத ஏலாது.

அதற்குப் பிறகு உரல்தான். அவர் இதை இறைச்சியைவிட இனிப்புக்குத்தான் அதிகம் எடுப்பார். அன்னாசியை வெண்ணெயில் வாட்டி, இறக்கியபின் இரண்டு சிட்டிகை. கறுப்புச் சாக்லேட்டைக் கரைத்த பாலாடையில் முழு மிளகை ஊறவைத்து வடிகட்டுவதும் உண்டு. கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பால், வெண்ணெய், பன்றிக்கொழுப்பு எல்லாவற்றோடும் பொருந்தும். வீட்டில் நான் ஆட்டுக்கறிப் பிரட்டலில் போட்டுப் பார்த்தேன். எங்கட கறித்தூள் அதை விழுங்கிவிட்டது. வீண்.

நீலக்கல்:

நான் கல் வியாபாரம். மடகாஸ்கரின் இலகாகாவில் நீலக்கல் வாங்க இலங்கையிலிருந்து போய்வருவோர் நிறையப் பேர், அதில் நானும் ஒருவன். திரும்பும் வழியில் சாலையோரம் இதை ஒரு பை வாங்கினேன். வீட்டில் திறந்தால் வைக்கோல் வாசம். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவன், மிளகை நசுக்கி முகர்ந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன். இப்போது நகத்தால் ஒன்றைக் கீறிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

மிளகுரசம்:

தம்பி சொன்ன அன்னாசி யோசனை அருமை. நான் இங்கே பங்கனபள்ளி மாம்பழத்தில் தட்டிப் போட்டேன், உப்புகூட வேண்டியிருக்கவில்லை. தயிர்சாதத்திலும் நன்றாக இருக்கிறது. ரசத்துக்கு வேண்டாம்; ரசத்துக்கு நம் மிளகின் காரம்தான் வேண்டும்.

இதன் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்து மிளகை ஏணி வைத்துப் பறித்துவிடலாம். இது கிழக்குப் பக்கத்து மழைக்காட்டில் தானாக வளர்வது. கொடி மரத்தைப் பற்றிக்கொண்டு பத்து, இருபது மீட்டர் ஏறி, உச்சியில் வெயில் படுகிற இடத்தில்தான் காய்க்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடிதான் காய்க்கும். மொரமங்கா பக்கம் ஒருமுறை பறிக்கிறவரோடு போனேன். வெறுங்காலோடு அவர் ஏறி இலைகளுக்குள் மறைந்துவிட்டார், மேலேயிருந்து பச்சையும் சிவப்புமாகக் கொத்துகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. காய்ந்தால் கைப்பிடிதான் மிஞ்சும்.

திரும்பும்போது அடியில் வெட்டப்பட்டு வாடித் தொங்கிய கொடிகளையும் பார்த்தேன். ஏற முடியாதவர்கள் கொடியையே அறுத்து இழுத்துவிடுகிறார்களாம், சில நேரம் மரத்தையே சாய்ப்பார்களாம். அடுத்த வருசம் அங்கே என்ன காய்க்கும்? அவர் அதைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினார், பேசவில்லை. வாங்கும்போது எப்படிப் பறித்தது என்று கேட்டு வாங்குங்கள், நல்ல கடைக்காரர் சொல்வார்.

என் போத்தலில் பாதி மிச்சம் இருந்தது. போன வாரம் எனக்குச் சளி. வால்மிளகு என்று நினைத்து அம்மா அத்தனையையும் சுக்கோடு போட்டுக் கொதிக்கவைத்துக் கஷாயமாக்கிவிட்டார். குடித்தேன். சளி அப்படியேதான் இருக்கிறது.