மறுமொழி: ‘துலிப் மரம்’ போதுமா? என் பரிந்துரை: கிண்ணச் செண்பகம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ‘ரியூலிப் ட்ரீ’ எனப்படும் மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை மூன்று நாளாய் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். திருச்சி அண்ணா கேட்டதற்கே முதலில் வருகிறேன்.

> துலிப் மரம் என்று எழுதிவிட்டுப் போகலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியாது அண்ணா. புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் வில்லங்கம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி போன சித்திரையில் வாட்ஸ்அப்பில் வந்து, “அக்கா, வீட்டுக்குப் பின்னால ரியூலிப் மரம் ஒண்டு வைக்கப்போறன்” என்றான். பக்கத்திலிருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. “அதுக்கென்ன, மழை தொடங்க ஒரு கதியாலை வெட்டி ஊண்டிவிடச் சொல்லு. தன்ரபாட்டில தழைக்கும்” என்றார். அம்மா நினைத்தது பூவரசை. அவருடைய இளமைக் காலத்துக் கொழும்பில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ரியூலிப் மரம் என்றது அதைத்தான். பேராதனையில் படிக்கும் என் மகளுக்கோ கண்டிப் பக்கத்துச் சரிவுகளில் செம்மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆப்பிரிக்க மரம், ஸ்பதோடியா, நினைவுக்கு வந்திருக்கிறது. தம்பி சொன்னது இரண்டுமே இல்லை. அது லிரியோடென்ரன் துலிபிபெரா. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மரம்; தென் ஒன்ராரியோவிலும் இயற்கையாக வளர்வது.

பெயர் குழம்பினால் பராமரிப்பும் குழம்பும். தம்பியின் ஊர்த் தமிழர்களுக்காக நான் மொழிபெயர்க்கும் வீட்டுத்தோட்டக் கைந்நூலில் இந்த மரத்துக்கு நான்கு பக்கம் இருக்கிறது. அந்த நான்கு பக்கத்தையும் ‘துலிப் மரம்’ என்ற தலைப்பில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தால், பூவரசைப் பற்றித் தப்புத் தப்பாய் எழுதியிருக்கிறாய் என்பார். பூவரசு போத்து ஊன்றினால் முளைக்கும், உப்புக்காற்றைத் தாங்கும், வருடா வருடம் ஆட்டுக்குக் குழை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும். லிரியோடென்ரனின் வேர் சதைப்பற்றானது, அதிகம் கிளைக்காதது. ஆகவே சிறு கன்றாய் இருக்கும்போதே, இளவேனிலில், வேர்மண் உதிராமல் வைத்துவிட வேண்டும். பெரிதானபின் கிண்டி எடுத்து மாற்றினால் பிழைப்பது கடினம். ஆழமான, ஈரம் நிற்கிற, ஆனால் நீர் தேங்காத மண் கேட்கும். சற்று அமிலத்தன்மை இருந்தால் நல்லது. நல்ல வெயிலும் வேண்டும். முதல் சில கோடைகளில் தண்ணீர் தவறினால் ஆடி, ஆவணியிலேயே உள்ளிலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம் இடம். தோட்டத்திலேயே 20, 30 மீற்றர் உயரம் போகிற மரம், கொப்பும் புயலில் முறியக்கூடியது. வீட்டுச் சுவரோரம் வைக்கிற சாமான் இல்லை. விதையிலிருந்து வளர்த்தால் பூப் பார்க்கப் பதினைந்து வருடமாவது போகும். “நான் ஓய்வூதியம் எடுக்கத்தான் அது பூக்கும்” என்றான் தம்பி. கணக்குச் சரிதான்.

(கொழும்பில் வைக்கலாமா என்று தனிமடலில் கேட்டிருந்தவருக்கு: வேண்டாம். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து உறங்கி எழும்புகிற மரம் அது. எங்கள் வெக்கைக்கு ஆகாது. இங்கே பூவரசு வையுங்கள்.)

இனி இழையில் வந்த சொற்கள். ‘அல்லி மரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கிரேக்கத்தில் லிரியோடென்ரன் என்றால் லில்லி மரம், அதன்படி பார்த்தால் நேர்மையான முயற்சி. ஆனால் எங்களுக்கு அல்லி குளத்தில் இருப்பது. லில்லிக்கும் அதற்கும் உறவில்லை. ‘மஞ்சள் பொப்ளார்’ என்பது மரக்காலைக்காரர் வைத்த பெயர். பொப்ளார் என்பது குளிர்நாடுகளில் வளரும் வேறொரு மரம்; இது பொப்ளாரே அல்ல.

ஆனால் அந்தப் பொப்ளார் என்னை ஓர் இரவு தூங்கவிடவில்லை. பூவரசின் அறிவியற் பெயர் தெஸ்பேசியா பொபுல்னியா. பொபுல்னியா என்றால் பொப்ளார் போன்றது, இலையைப் பார்த்து வைத்தது. ஆக, ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத இரண்டு மரங்கள், இரண்டும் ஒருபக்கம் துலிப், மறுபக்கம் பொப்ளார் என்று பெயர் வாங்கியிருக்கின்றன. ஐரோப்பியர் தங்களுக்குத் தெரிந்த செடியைக் கொண்டு தெரியாத மரத்தை அழைத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்களும் அதையேதான் செய்தார்கள்: அரசிலை மாதிரி இலை, ஆனால் பூக்கிறது, ஆகவே பூவரசு. ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு வழங்கும் ‘போர்ஷியா’ என்ற பெயர்கூட இந்தப் பூவரசு திரிந்ததுதான். 1930களில் கொழும்பில் நவம்பர் 11 அன்று, முதல் உலகப்போர் நினைவாக விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு எதிராக விற்ற ‘சூரிய மல்’ இந்த மரத்தின் பூ. இவ்வளவு பேரெடுத்த மரத்துக்கு ‘இந்தியத் துலிப் மரம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் கண்டேன். வயிறு எரிந்தது.

அந்த வழியிலேயே லிரியோடென்ரனுக்கும் பெயர் வைப்போம் என்கிறேன். அது மக்னோலியாக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இருப்பதே இரண்டு பேரினங்கள்: ஒன்று மக்னோலியா, மற்றது இது. எங்கள் செண்பகத்தையும் அறிவியலார் இப்போது மக்னோலியாப் பேரினத்தில்தான் சேர்க்கிறார்கள். பூவைத் தம்பி படம் அனுப்பியிருந்தான், அயலவர் வீட்டுப் பெரிய மரத்தில் எடுத்தது: ஆறு இதழ், வெளிர்பச்சை கலந்த மஞ்சள், அடியில் செம்மஞ்சள் பட்டி, அண்ணாந்து நிற்கிற சிறு கிண்ணம். கிண்ணச் செண்பகம். இலையை வைத்து ‘வெட்டிலைச் செண்பகம்’ என்றும் முயன்றேன், ஏனென்றால் இலை நுனி கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டது போல இருக்கும், வேறெந்த மரத்தோடும் மாறாது. வாய்விட்டுச் சொன்னபோது அம்மாவுக்கு ‘வெற்றிலை’ என்று கேட்டது. கைவிட்டேன்.

> மணம் இல்லாத செண்பகமா? தவிர யாழ்ப்பாணத்தில் செண்பகம் என்றால் பறவை அல்லவா!

பறவை தோட்டக் கைந்நூலில் வராது, அந்தப் பயம் வேண்டாம். மணம் பற்றிய ஆட்சேபம் உண்மையானது. பூவரசிலும் அரசம்பழம் இல்லையே என்பதைத் தவிர என்னிடம் பதிலில்லை.

துலிப் என்று எழுதுவதா, ரியூலிப் என்று எழுதுவதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கிழங்கிலிருந்து முளைக்கும் அந்தப் பூவுக்கு அவரவர் எழுத்து இருக்கட்டும். அந்தச் சொல்லே தலைப்பாகைத் துணியின் பெயரிலிருந்து வந்தது. அதை மரத்தின் தலையிலும் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஸ்பதோடியாவுக்கு ‘நீர்மொட்டு மரம்’ என்று குறித்திருக்கிறேன். மொட்டுக்குள் தண்ணீர் இருக்கும், பிள்ளைகள் நசுக்கிப் பீச்சி அடிப்பார்கள். மலையகத்து நண்பர்கள் யாரிடமாவது பழக்கச்சொல் இருந்தால் என்னுடையதை அடித்துவிடுங்கள்.

இன்னொரு சொல்லும் அவசரமாய் வேண்டும். லிரியோடென்ரனில் அழுக்கணவன் (அக்கரையில் அசுவினி; சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) ஏறினால் இலையிலிருந்து சீனிப்பாகு மாதிரி ஒன்று சொட்டும், அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். அயலவரின் கார் போன கோடை முழுக்க அப்படித்தான் பிசுபிசுத்ததாம். ஆங்கிலத்தில் அதை ‘ஹனிடியூ’ என்பார்கள்; ‘தேன்துளி’ என்று போட்டால் நல்ல சாமான் போலிருக்கிறது. ‘இலைப்பாகு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். “மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள்” என்ற வரி அதற்காகத்தான் காத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து