எஸ்டிமேட்டுக்கு முன்னாலேயே யூசரைப் பார்க்க வேண்டுமா? (லண்டன் ஆம்புலன்ஸ் சண்டை உள்ளே)

நொய்யல்
ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள் செய்யப்போகிறோம். எஸ்டிமேட் கொடுக்கும் முன் அவர்களுடைய கன்ட்ரோல் ரூமில் சில நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். "ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று எங்கள் மேலிடம் கேட்கிறது. என்னென்ன வேண்டும் என்று பட்டியலிடும் அந்த ஆவணத்தை எழுதியவர் ஐ.டி. பிரிவுத் தலைவர். இரவு ஷிஃப்ட்டில் போன் எடுப்பவர் அதைக் கண்ணாலும் பார்த்ததில்லை.

யூசரைக் கவனிக்கும் வேலை திட்டமிடும்போதே நடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்கிரீன் வரையும் கட்டத்தில் போய்ப் பார்த்தால், எதைச் செய்வது என்ற முடிவு அதற்குள் எடுத்தாகியிருக்கும்.

லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கே எல்லாம் காகிதம். போன் எடுப்பவர் படிவத்தில் எழுதி, வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடிப்பார். படிவம் கன்வேயர் பெல்ட்டில் போகும். வண்டி ஒதுக்குபவர் தன் பகுதி நிலவரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பார். 1992 அக்டோபர் 26 அன்று இதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். வண்டியில் போகும் ஊழியர்களுக்குத் திட்டமிடும்போது பெரிதாக எந்த இடமும் தரப்படவில்லை. அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் சரியான பட்டனைச் சரியான வரிசையில் அழுத்துவார்கள் என்று சிஸ்டம் நம்பியது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குபவருக்குப் பட்டன் ஞாபகமா வரும்? வண்டி எங்கே இருக்கிறது என்பதே சிஸ்டத்துக்குத் தெரியாமல் போனது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, யாரும் படிக்கும் முன் ஸ்கிரீனுக்கு மேலே ஓடி மறைந்தன. மறுநாள் மதியமே பாதி கைவேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பைட்_பாண்டி
மேடம், கதையைப் பாதில நிறுத்திட்டீங்க. நவம்பர் 4 விடியக்காலைல சிஸ்டம் மொத்தமாப் படுத்துச்சே, அது எதனால? மெமரி லீக், அதாவது புரோகிராம் எடுத்த மெமரியைத் திருப்பித் தராம நிரப்பிக்கிட்டே போறது. ஒரு புரோகிராமர் விட்டுட்டுப் போன துண்டு கோடு. மாற்று சர்வரும் கைகொடுக்கல, ஏன்னா அதை யாரும் ஒழுங்கா டெஸ்ட் பண்ணல. லைவ் போன அன்னைக்கே தெரிஞ்சே தீர்க்காம வெச்சிருந்த பக் (பிழை) 81. 1992 ஜனவரி 8க்குள்ள முடிக்கணும்னு கெடுவை முதல்லயே எழுதியாச்சு. விலை குறைச்சுக் கேட்டவனுக்கு டெண்டர். இந்த லட்சணத்துல யூசரை மடியில உக்கார வெச்சாலும் விளங்கியிருக்காது.

அப்புறம் காசு. மொத்த விலையை முன்கூட்டியே சொல்ற ஃபிக்ஸட் பிட்ல வேலை கிடைக்குமான்னே தெரியாது. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரை அனுப்பி உக்கார வெச்சா அந்தச் சம்பளத்தை யார் தலையில கட்டுறது? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்.

யூசர்கிட்டப் போனா ஒரு லிஸ்ட் வேற வரும். எக்ஸெல் மாதிரி வேணும், பழைய ஸ்கிரீன் மாதிரியே வேணும், எல்லாத்துக்கும் பிரின்ட் வேணும். அதை ஸ்கோப்புல, அதாவது ஒத்துக்கிட்ட வேலைப் பட்டியல்ல சேர்த்தா விலை ஏறும், சேர்க்கலைன்னா "எங்களைக் கேட்டுட்டு ஏன் செய்யல"ன்னு சண்டை.

நொய்யல்
பாண்டி சார், நவம்பர் 4 பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை இரண்டையும் பிரித்தே பேசுகிறது. அக்டோபர் 26, 27 இரண்டு நாளும் தொழில்நுட்ப அர்த்தத்தில் கம்ப்யூட்டர் பழுதாகவில்லை, பெரும்பாலும் எப்படி வடிவமைத்தார்களோ அப்படியே நடந்தது என்கிறது. குறை வடிவமைப்பிலேயே இருந்தது. அந்த இரண்டு நாளை உங்கள் மெமரி லீக் விளக்காது.

நான் யூசரிடம் "என்ன வேண்டும்" என்று கேட்கப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். உங்கள் லிஸ்ட் பயம், கேட்பவர்களுக்குத்தான்.

உரைகல்
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1986-இல், யூசரை மையமாக வைத்து வடிவமைக்கும் இந்த அணுகுமுறையைப் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன். அவரே 2005-இல் மனிதரை மையமாக வைப்பது கேடாகவும் முடியலாம் என்று கட்டுரை எழுதினார். வயலின் யாரையும் பேட்டி கண்டு உருவானதல்ல. மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதற்குப் பழகினார்கள். ஆகவே ஆளைவிட, செய்யும் செயலை ஆராயுங்கள் என்பது அவர் வாதம்.

நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1999-இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். அன்றைய தட்டச்சர்களின் பழக்கத்தை மட்டும் பார்த்து வடிவமைத்திருந்தால் டைப்ரைட்டர் அமைப்பைத் தாண்டியிருக்க மாட்டோம். நொய்யல் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தால் இன்றைய வேலைமுறைதான் கண்ணில் படும். கடைசியில் கன்வேயர் பெல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வருவார்.

பைட்_பாண்டி
அப்படிப் போடுங்க. ஆனா ஐயா, தமிழ்99ஐ எத்தனை பேர் அடிக்கிறாங்க? பக்கத்து சீட்டுப் பையன் இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சுத் தமிழாக்கிக்கிறான். அது யார் கட்சிக்குச் சாதகம்னு எனக்கே புரியல.

கவுன்டர்_கலா
நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்லைங்க, ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கேன். நீங்க எல்லாரும் சொல்ற யூசர் நான்தான். எங்க சாஃப்ட்வேர்ல லாஸ்ட் நேம் போடாம அடுத்த பக்கம் போகாது. நம்ம ஊர்ல யாருக்குங்க லாஸ்ட் நேம் இருக்கு? ச. முருகன்னு ஒருத்தர் வருவாரு. நான் அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி வெச்சுட்டு முருகன்னு போடுவேன். நைட் ஷிஃப்ட் அக்கா அவங்க அப்பா பேரை முழுசாப் போடுவாங்க. இன்னொருத்தர் வெறும் "ச" போடுவாரு. ஒரே ஆளுக்கு மூணு ஃபைல். டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டா திட்டு வாங்குறது நாங்க.

பாண்டி அண்ணே, எங்களை யாராச்சும் கேட்டிருந்தா எக்ஸெல் மாதிரி வேணும்னு சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற கட்டாயம்னு காட்டுற சிவப்பு நட்சத்திரத்தை எடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

பைட்_பாண்டி
தங்கச்சி, அதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? நம்ம ஊர் டெவலப்பருக்கு அது தானாத் தெரியணும். ஒரு வரி மாத்தம். லைவ் போன பிறகு கம்ப்ளெயின்ட் வந்தா பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்.

ரமணி_டெஸ்டர்
நட்சத்திரத்தை எடுக்கப் பத்து நிமிஷம். அதுவரை சேர்ந்த மூணு மூணு ஃபைலை யார் ஒண்ணாக்குறது? ரெண்டு முருகனைத் தப்பாச் சேர்த்தா ஒருத்தரோட மருந்து அலர்ஜி இன்னொருத்தர் ஃபைல்ல போய் உக்காரும். "அப்புறம் மாத்திக்கலாம்"ங்கறது ஸ்கிரீனுக்கு சரி. டேட்டாவுக்கு இல்ல.

நொய்யல்
ரமணிக்கு நன்றி, திட்டமிடும்போதே என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

உரைகல் ஐயா, நார்மன் செயலைப் பார்க்கச் சொல்கிறார். அந்தச் செயல் நடப்பது கன்ட்ரோல் ரூமில்தானே? உள்ளே போகாமல் எப்படிப் பார்ப்பது? ஆனால் இன்றைய முறையை அப்படியே நகலெடுக்கும் ஆபத்து உண்டு என்பதை ஏற்கிறேன். அதற்கு ஒத்திகை வேண்டும். 1980-களில் ஸ்வீடனில் பத்திரிகைத் தொழிலாளர்களோடு நடந்த யுடோப்பியா திட்டத்தில், காலி அட்டைப்பெட்டியில் "லேசர் பிரின்டர்" என்று எழுதி வைத்து, இன்னும் வாங்காத கருவியோடு வேலையை நடித்துப் பார்த்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் வீரர்களுக்குக் குரல்செய்தி அனுப்ப ஐ.பி.எம். ஒரு சிஸ்டம் செய்தது. கோடு எழுதும் முன்பே யூசர் கையேட்டை எழுதி, ஆட்களிடம் கொடுத்து, அவர்கள் திணறும் இடங்களைத் திருத்தினார்கள். அட்டைப்பெட்டிக்கும் காகிதத்துக்கும் எவ்வளவு செலவாகிவிடும், பாண்டி சார்?

லண்டனிலேயே அடுத்த முயற்சி 1996-இல் வந்தது. ஊழியர்களைக் கூடவே வைத்துக்கொண்டு, புரோட்டோடைப்பை (மாதிரி வடிவத்தை) காட்டிக் காட்டி, படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். வண்டி ஒதுக்கும் முடிவை எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டரிடம் கொடுக்கவில்லை. அது நிலைத்து நின்றது.

பைட்_பாண்டி
ரெண்டாவது தடவை கெடு வெச்சுக் கழுத்தைப் பிடிக்கல, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. நேரம் கொடுத்தா அட்டைப்பெட்டி இல்லாமலே நானும் நல்லாத்தான் செய்வேன். எது காரணம்னு எப்படிப் பிரிப்பீங்க?

பெட்டி செலவில்ல மேடம், பெட்டி பக்கத்துல நிக்கற ஆள் செலவு. எனக்குத் தெரிஞ்ச வழி: ஒப்பந்தம் போட்டுட்டு முதல் ரெண்டு ஸ்பிரின்ட்டை (சில வாரத் தவணை வேலையை) யூசர் வேலைக்கு ஒதுக்குங்க. அப்புறம் கேக்கற மாத்தத்துக்கு, அதான் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டுக்கு, தனி ரேட் எழுதிக்கோங்க.

நொய்யல்
கெடு வேறு, யூசர் வேறு என்று பிரிக்க முடியாது. வேலையைப் பார்க்காமல் குறித்த தேதிதான் அந்த ஜனவரி 8. உங்கள் வழியிலும் விலையையும் தேதியையும் கையெழுத்துப் போட்ட பிறகுதானே நான் கன்ட்ரோல் ரூமுக்குள் போகிறேன்? ஒதுக்குபவர் பாதி முடிவை பக்கத்து சீட்டுக்காரரோடு பேசித்தான் எடுக்கிறார் என்று அப்போது தெரிந்தால் என்ன செய்வது? 1992-இல் லண்டன் கன்ட்ரோல் ரூமின் இருக்கைகளையே மாற்றி அமைத்து, சேர்ந்து வேலை செய்தவர்களைப் பிரித்துவிட்டார்கள். அந்த மாதிரி தவறு ஸ்பிரின்ட்டில் சரியாகாது.

ஆகவே இரண்டு ஒப்பந்தம் கேட்கப்போகிறேன். முதலாவது சிறியது: பார்ப்பது, ஒத்திகை பார்ப்பது, அறிக்கை. அதற்குத் தனிக் கட்டணம். அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர்கள் வேறு கம்பெனிக்கும் போகலாம். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு டிஸ்கவரி என்று இதைத் தனிக் கட்டமாகவே வைத்திருக்கிறது. அது முடிந்ததும் திட்டத்தைக் கைவிடும் உரிமையும் உண்டு.

உரைகல்
கைவிடும் உரிமையை எழுத்தில் வையுங்கள். அது இல்லையென்றால் உங்கள் அறிக்கை எப்படியும் "செய்யலாம்" என்றுதான் முடியும்.

கவுன்டர்_கலா
அக்கா, போனா திங்கட்கிழமை காலைல போங்க, இல்லாட்டி ராத்திரி ரெண்டு மணிக்குப் போங்க. மத்தியானம் போனா எல்லாம் நல்லா நடக்கற மாதிரிதான் தெரியும்.

பைட்_பாண்டி
அரசாங்கம் காசு கொடுக்கும். "ஒண்ணும் செய்யாம அறிக்கைக்கு பில்லா?"ன்னு உங்க கிளையன்ட் கேப்பான், பாருங்க. கையெழுத்துப் போட்டான்னா இங்கயே வந்து எழுதுங்க, என்ன ரேட்டுன்னும் சொல்லுங்க.