'வாஸ் ஹேப்பன்ட்' ஏன் தப்பு? பாஸிவ் வாய்ஸில் உதவி தேவை

மழைச்சாரல்:
வணக்கம். வேலையில் வாரம் ஒரு அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளியில் பாஸிவ் வாய்ஸ் அட்டவணையை முழுசாக மனப்பாடம் செய்தவள் நான். ஆக்டிவ் வாக்கியத்தைக் கொடுத்தால் பாஸிவாக மாற்றிவிடுவேன். சொந்தமாக எழுத உட்கார்ந்தால்தான் தடுமாறுகிறது. போன வாரம் என் மேலாளர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் தந்த மூன்று வாக்கியங்கள் இவை:

'தி ப்ராப்ளம் வாஸ் ஹேப்பன்ட் ஆன் மண்டே.'
'தி கேபிள் வாஸ் கட் பை எ நைஃப்.'
'தி ரிப்போர்ட் இஸ் ப்ரிப்பேரிங் நவ்.'

நடந்து முடிந்த விஷயம் என்பதால் 'வாஸ்' போட்டேன், கத்தியால் வெட்டியதால் 'பை' போட்டேன். எங்கே பிசகுகிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

ஒற்றைப்பனை:
முதல் வாக்கியத்துக்குத் தமிழே விடை சொல்லிவிடும். வினையைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். எழுதினான், எதை? கடிதத்தை. அதனால் 'எழுதப்பட்டது' வரும், 'வாஸ் ரிட்டன்' வரும். நடந்தது, எதை? பதில் இல்லை. 'பிரச்சினை நடக்கப்பட்டது' என்று நாம் யாருமே சொல்ல மாட்டோம். செயப்படுபொருள் குன்றிய வினைக்குப் பாஸிவ் கிடையாது. ஹேப்பன், அக்கர், அரைவ், டிஸ்அப்பியர், டை எல்லாம் இந்த வகைதான். கடந்த காலத்துக்கென்று தனியாக 'வாஸ்' வேண்டாம், 'ஹேப்பன்ட்' என்பதிலேயே அது இருக்கிறது.

இரண்டாவதில் நம் 'ஆல்' உருபு உங்களை ஏமாற்றியிருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா இரண்டு பொருளும் உண்டு என்று படித்திருப்போம். 'கத்தியால் வெட்டப்பட்டது' என்பதில் கத்தி கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஆல்'. ஆங்கிலத்தில் கருத்தாவுக்கு 'பை', கையில் பிடித்த கருவிக்கு 'வித்'. ஆகவே 'வாஸ் கட் வித் எ நைஃப்'. யாரும் எறியாமல் மேலிருந்து தானாக விழுந்த கல் கண்ணாடியை உடைத்தால் மட்டும் 'பை எ ஸ்டோன்' சரி, அங்கே கல்தான் வேலையைச் செய்கிறது.

வாசல்திண்ணை:
மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் தொழில், இந்தத் தப்பை வாரா வாரம் பார்க்கிறேன். 'அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று தமிழில் நினைத்து எழுதியிருப்பீர்கள். தமிழில் 'தயாராகு', 'தயாரி' என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. 'ப்ரிப்பேர்' இங்கே 'தயாரி' மட்டும்தான். அறிக்கை தன்னைத்தானே தயாரித்துக்கொள்ளாது, அதனால் 'இஸ் பீயிங் ப்ரிப்பேர்ட்'. சில வினைகள் இரண்டு வேலையும் செய்யும். 'தி கிளாஸ் ப்ரோக்' என்றால் உடைந்தது, 'தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்' என்றால் பெரும்பாலும் உடைக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். பாஸிவ் எதற்கு என்று அட்டவணை சொல்லித் தருவதில்லை. 'தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்' என்கிறோம். யார்? தெரியாது, தெரியவும் வேண்டாம். தமிழ் எழுவாயை விட்டுவிட்டுப் போகும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இடம் காலியாக இருக்க முடியாது. அந்த இடத்தில் தண்ணீரையே கொண்டுவந்து உட்கார வைக்கத்தான் பாஸிவ்: 'தி வாட்டர் ஹேஸ் பீன் டர்ன்ட் ஆஃப்'. தமிழில் யாரென்று சொல்லாமல் 'சொன்னார்கள், அனுப்பினார்கள், மூடிவிட்டார்கள்' என்று வந்தால் ஆங்கிலத்தில் பாஸிவ் பொருந்துமா என்று யோசியுங்கள். அப்படி வரும்போது 'பை' தேவையே இல்லை. மாற்றி எழுதும் பயிற்சியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'பை ஹிம்', 'பை சம்ஒன்' என்று ஒட்டவைத்துப் பழக்கிவிட்டோம். அதை முதலில் விடுங்கள்.

மழைச்சாரல்:
சார், 'தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்' உதாரணத்தில்தான் எனக்கு விளங்கியது. மிக்க நன்றி. இன்னும் ஒன்று. 'எனக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது' என்பதற்கு 'ஐ வாஸ் கிவன் டூ டேஸ்' என்று திருத்தியிருக்கிறார்கள். என்னையே யாருக்கோ கொடுத்த மாதிரி இருக்கிறதே? அது சரி என்றால், 'எனக்கு விளக்கப்பட்டது' என்பதற்கு 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்' என்று எழுதலாமா?

வாசல்திண்ணை:
முதலாவது சரி, இரண்டாவது கூடாது. தமிழில் 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமையிலேயே நிற்கும், எழுவாயாக ஏறாது. ஆங்கிலத்தில் 'கிவ் மீ' என்று பெறுபவரை வினைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அப்படி வைக்க முடிந்தால் அவரைப் பாஸிவில் எழுவாயாக்கலாம். 'டெல் மீ' சரி, அதனால் 'ஐ வாஸ் டோல்ட்' சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ' தப்பு, 'எக்ஸ்ப்ளெயின் டு மீ'தான். ஆகவே 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ'. 'ஸே' இதே கதைதான், 'ஐ வாஸ் செட்' கிடையாது.

மழைச்சாரல்:
திருத்தி எழுதிப் பார்த்தேன்: 'தி ப்ராப்ளம் ஹேப்பன்ட் ஆன் மண்டே. தி கேபிள் ஹேட் பீன் கட் வித் எ நைஃப். எ நியூ கேபிள் இஸ் லேயிங் நவ்.'

ஒற்றைப்பனை:
முதல் இரண்டும் பிரமாதம். வெட்டு முன்னாலேயே நடந்தது என்பதால் 'ஹேட் பீன்' போட்டது ரொம்பச் சரி. அறிக்கை என்பதால் 'ஹேப்பன்ட்' இடத்தில் 'அக்கர்ட்' போட்டால் இன்னும் பொருத்தம். கடைசி வாக்கியத்தில் 'எதை?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மழைச்சாரல்:
கேபிளைப் பதிக்கிறார்கள். 'எ நியூ கேபிள் இஸ் பீயிங் லெய்ட்.'

ஒற்றைப்பனை:
அதேதான். அப்படியே அனுப்பிவிடுங்கள்.