கிரெடிட் கார்டு கடன்: செட்டில்மென்ட்டா, கவுன்சலிங்கா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தபோது மூன்று கார்டில் 23,000 டாலர் ஏறிவிட்டது. மறுபடி வேலை கிடைத்தும் மினிமம் மட்டும்தான் கட்ட முடிந்தது, அது வட்டிக்கே சரியாகப் போனது. அந்த நேரத்தில்தான் ஒரு செட்டில்மென்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது, பேர் வேண்டாம். கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், மாதம் 400 டாலர் தனிக் கணக்கில் போடுங்கள், பணம் சேரச் சேர ஒவ்வொரு கார்டாகப் பாதிக்கு முடித்துத் தருகிறோம், 44 மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்த எனக்கு அது போதும், அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

கட்டுவதை நிறுத்திய மாதமே லேட் ஃபீ ஆரம்பித்தது. 180 நாள் தாண்டியதும் பேங்க் வராக்கடன் என்று எழுதிவிட்டது, அது கிரெடிட் ரிப்போர்ட்டில் 7 வருடம் நிற்கும். முதல் கார்டு செட்டில் ஆனது 17ஆவது மாதம். நான் சேரும்போது 8,200 ஆக இருந்தது அதற்குள் 9,300 ஆகியிருந்தது, 4,650க்கு முடித்தார்கள். கம்பெனிக்கு 25 சதவீதம், அதாவது 8,200க்கு 2,050. நான் போட்டிருந்த 6,800இல் மிஞ்சியது நூறு டாலர்! அடுத்த ஜனவரியில் 1099-சி ஃபார்ம் வந்தது, தள்ளுபடி ஆன 4,650ஐ வருமானமாகக் காட்ட வேண்டுமாம், என் வருமான வரி விகிதம் 22 சதவீதம் என்பதால் வரி 1,023. எல்லாம் கூட்டினால் 7,723. ஒன்றரை வருடம் கடன் கேட்டு வரும் போனுக்குப் பயந்து, கிரெடிட் ஸ்கோரையும் இழந்து, பழைய பாக்கியில் நான் மிச்சம் பிடித்தது 477 டாலர்.

இதற்கிடையே இரண்டாவது கார்டுக்குக் கோர்ட் சம்மன் வந்துவிட்டது. கம்பெனியைக் கேட்டால் வழக்கு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்கிறார்கள். கடனை அடைக்க வழி சொல்லும் கவுன்சலிங் போனவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

பதில்:

நான் போனேன். லாப நோக்கமில்லாத அமைப்பு, முதல் பேச்சுக்குக் காசு வாங்கவில்லை. அந்த அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் என் வரவு செலவைத்தான் கேட்டார், வாடகை எவ்வளவு, கார் லோன் எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறேன் என்பது வரை. எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் ஒரு தடவைகூட அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி வரவில்லை. இங்கே அசலைக் குறைக்க மாட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். குறைவது வட்டிதான். 19,000 டாலருக்கு 26 சதவீதம் வரை கட்டிக்கொண்டிருந்தேன், பேங்குகளோடு பேசி 8 சதவீதம் ஆக்கினார்கள், 60 மாதம், மாதம் 385, அதோடு அவர்கள் ஃபீ 35. நான் அமைப்புக்குக் கட்டுவேன், அவர்கள் கார்டுகளுக்குப் பிரித்துக் கட்டுவார்கள். கார்டுகளை மூடிவிட்டார்கள், அதனால் ஸ்கோர் முதலில் இறங்கியது. ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியது ரிப்போர்ட்டில் ஏறியதால் மெல்லத் திரும்பி வந்தது. ஐந்து வருடம் கார்டே இல்லாமல் இருப்பது கஷ்டம்தான், நடுவில் கார் ரிப்பேர் வந்தபோது நண்பனிடம் வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இந்த அமைப்புகளுக்குக் கார்டு பேங்குகளிடமிருந்தும் பணம் வருகிறது. எனக்கு அதனால் கெடுதல் இல்லை, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

பதில்:

எனக்குக் கவுன்சலிங் ஒத்துவரவில்லை. உடம்பு சரியில்லாமல் வருமானமே இல்லை, வட்டி பூஜ்யம் ஆனாலும் அசலைக் கட்ட முடியாது. கவுன்சலரே அதைச் சொல்லி, திவால் வழக்கறிஞரைப் பாருங்கள் என்று அனுப்பினார். கடைசியில் திவால் வரை போகவில்லை, அக்கா கொடுத்த பணத்தை வைத்து நானே பேங்கில் பேசி ஒரு கார்டை 40 சதவீதத்துக்கு முடித்தேன், நடுவில் கம்பெனி எதுவும் இல்லை. அந்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டதாக பேங்க் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டினேன். 1099-சி எனக்கும் வந்தது, ஆனால் அப்போது என் சொத்தைவிடக் கடன் அதிகம், அதனால் 982 ஃபார்ம் போட்டு அந்த வரியைத் தவிர்க்க முடிந்தது. முதலில் எழுதியவரே, நீங்களும் அதைப் பார்த்தீர்களா?

சம்மனை மட்டும் தயவுசெய்து போட்டு வைக்காதீர்கள், தேதிக்குள் பதில் போடாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, பல மாநிலங்களில் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். அந்தத் தனிக் கணக்கில் இருப்பது உங்கள் பணம். போனில் ஆள் பிடிக்கும் கம்பெனிகளுக்கு 2010இலேயே விதி வந்துவிட்டது, செட்டில் செய்து ஒரு தவணையாவது போகும் முன் ஃபீ வாங்கக் கூடாது, விலகினால் 7 வேலை நாளில் அபராதம் இல்லாமல் திருப்பித் தர வேண்டும்.

முதலில் எழுதியவன்:

982 பற்றித் தெரியாது, அந்த நேரம் சொத்துக் கணக்கை எடுத்துப் பார்க்கிறேன். சம்மனுக்குப் பதில் போட்டுவிட்டேன். விலகல் கடிதமும் அனுப்பியாகிவிட்டது, முதல் கார்டு முடிந்த பிறகு போட்ட மூன்று தவணையும் அந்த நூறுமாக 1,300 டாலர் திரும்பி வர வேண்டும். வியாழக்கிழமை கவுன்சலிங் நேரம் வாங்கியிருக்கிறேன், கலெக்‌ஷனுக்குப் போன கார்டையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.