வெயிட் அடித்தால் ரேஸில் வேகம் கூடுமா, இல்லை உடம்பு எடைதான் கூடுமா?

கடைசிவண்டி:

வயது 34, எடை 68 கிலோ, நாலு வருடமாக ரோடு ரேஸ் ஓட்டுகிறேன். வாரத்துக்கு 9, 10 மணி நேரம் சைக்கிள் மேலேதான் இருக்கிறேன். எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிற அதிகபட்ச சக்தி) 265 வாட்டில் வந்து உட்கார்ந்தது, ஒரு வருடமாக அசைய மாட்டேன் என்கிறது. ஆனால் என் கவலை அதுகூட இல்லை. முதல் இரண்டு, இரண்டரை மணி நேரம் கூட்டத்துக்குள் சுகமாகப் போய்க்கொண்டிருப்பேன், கடைசி 5 கிலோமீட்டரில் எவனாவது முன்னால் போய் இழுத்தான் என்றால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. மூச்சு இருக்கிறது, இதயத் துடிப்பும் உச்சத்தில் இல்லை, தொடை மட்டும் நனைந்த துணி மாதிரி கனக்கிறது. போன ரேஸில் முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்தது, அது ஒரு சைக்கிள் நீளமானது, அப்புறம் மூன்றானது, நான் அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். அவ்வளவுதான் ரேஸ்.

கூட ஓட்டுகிற ஒருவர் ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) அடி, சரியாகிவிடும் என்கிறார். இன்னொரு மூத்தவரோ, ஜிம்மில் ஏற்றுகிற சதையை ஏற்றத்தில் யார் சுமப்பார்கள் என்று கேட்டுச் சிரிக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ரோடு ரேஸுக்கு இது உண்மையில் உதவுமா? உதவும் என்றால் எவ்வளவு எடை, ஒரே மூச்சில் எத்தனை ரெப் (தடவை)?

பழையசக்கரம்:

தம்பி, அந்த மூத்தவர் நான் இல்லை, ஆனால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இருபது வருடத்துக்கு மேல் ரேஸ் ஓட்டியவன், ஜிம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் 265 வாட், கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு மிதிக்கிற சுற்று, 90, பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் நீளம் 172.5 மில்லிமீட்டர். அப்படியென்றால் பெடல் மேல் விழுகிற சராசரி விசை சுமார் 17 கிலோ. கால் கீழே அழுத்துகிற உச்சக் கட்டத்தில் அதுபோல இரண்டு மடங்கு என்றே வையுங்கள், 34 கிலோ. மாடிப்படி ஏறும்போது ஒற்றைக் காலில் உங்கள் முழு 68 கிலோவும் நிற்கிறதே, அதில் பாதி! உங்களுக்குப் பலம் போதவில்லை என்று யார் சொன்னது? போதாமல் இருப்பது அந்த விசையை மூன்று மணி நேரம் விடாமல் போடுவதற்கான ஆக்சிஜன். அது இதயமும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்ட வேலை, பார்பெல்லால் வராது.

டிராக் ஸ்பிரிண்டர்கள் கதை வேறு. பிரிட்டனின் டிராக் வீரர் கிறிஸ் ஹோய் மாதிரி ஆட்கள் நின்ற இடத்திலிருந்து கனமான கியரைக் கிளப்பவேண்டும், ஒரு நிமிடத்தில் ஆட்டமே முடிந்துவிடும், அவர்களுக்கு ஸ்குவாட் சாப்பாடு மாதிரி. நமக்கு அப்படியா? நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 76 கிலோ என்றால், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் 1.3 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். ரேஸில் அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று உங்களுக்கே தெரியும். 1999இல் பிஷப் என்பவர் குழுவினர் பெண் வீராங்கனைகளை 12 வாரம் கனமாக ஸ்குவாட் செய்யவைத்துப் பார்த்தார்கள். கால் பலம் நன்றாகவே கூடியது, ஒரு மணி நேரச் சோதனையில் வேகம் கூடவில்லை.

கால் பலம் வேண்டுமென்றால் பெரிய கியரில் 55 கேடன்ஸில் ஏற்றம் மிதியுங்கள். பலமும் வரும், சைக்கிளும் ஓட்டியதாகும்.

மெதுமிதி:

அண்ணே, கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்குச் சண்டை.

ஒரு தடவை 34 கிலோ அழுத்துவது யாருக்கும் பெரிதில்லைதான். ஆனால் 90 கேடன்ஸில் மூன்று மணி நேரம் என்றால் ஒவ்வொரு காலும் 16,200 தடவை அழுத்துகிறது. ஒரு காலின் உச்ச பலம் கூடினால் ஒவ்வொரு அழுத்தமும் அந்த உச்சத்தில் சிறிய பங்காகிவிடும். தசையில் சீக்கிரம் களைக்கிற வேக இழைகளை உடம்பு அவ்வளவு முன்னதாகக் கூப்பிட வேண்டியிருக்காது, அவை கடைசிக்கு மிஞ்சும். கடைசிவண்டி சொல்கிற பிரச்சினையும் கடைசியில்தானே வருகிறது?

இதைத்தான் நார்வேயில் ரோன்னஸ்டாட் குழுவினர் சோதித்தார்கள், 2011இல் வெளியானது. நன்றாகப் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள், 12 வாரம், வாரம் இரண்டு நாள் கனமான கால் பயிற்சி. சோதனையை அமைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் 185 நிமிடம் மிதமாக ஓட்டச் சொன்னார்கள், அது முடிந்த கையோடு 5 நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்கச் சொன்னார்கள். எடை தூக்கியவர்களின் சராசரி வாட் அந்த 5 நிமிடத்தில் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது, சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களுக்குக் கூடவில்லை. நீண்ட ஓட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் தேவையும் இதயத் துடிப்புமே குறைந்திருந்தன. காலையில் எழுந்து களைக்காத காலோடு எஃப்டிபிக்கான 20 நிமிடச் சோதனை ஓட்டிப் பார்த்திருந்தால் இதில் பாதி கண்ணில் பட்டிருக்காது. ஜிம்மை நம்பாதவர்கள் பலர் தங்கள் எஃப்டிபி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அதே 2011இல் டென்மார்க்கில் ஆகார்ட் குழு, தேசிய அணி மட்டத்து இளைஞர்கள், 16 வாரம். 45 நிமிட டைம் ட்ரையலில் (தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டுகிற சோதனை) 8 சதவீதம் முன்னேற்றம். தொடைத் தசையை ஊசியில் எடுத்துப் பார்த்ததில் இழைகள் பருக்கவில்லை, இழைகளின் வகைதான் மாறியிருந்தது, சட்டென்று களைக்கிற வகை குறைந்து தாக்குப்பிடிக்கிற வகை கூடியிருந்தது. எடை பற்றிய பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. 2010இல் சுண்டே குழுவினர் 8 வாரம் அரை ஸ்குவாட் மட்டுமே செய்யவைத்தார்கள், நாலு செட், செட்டுக்கு நாலு ரெப். ஒரே வேகத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் 4.8 சதவீதம் குறைந்தது, உடல் எடை மாறவில்லை. வாரம் 10 மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குச் சதை போடுவது அவ்வளவு லேசில்லை, நீண்ட ஓட்டமே அதை அடக்கிவைக்கும்.

பிஷப் ஆய்வு பொய்யில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் வராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய கியர் யோசனைக்கு உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். அதே 265 வாட்டை 55 கேடன்ஸில் மிதித்தால் சராசரி விசை 27 கிலோ. 17 இருந்த இடத்தில் 27. ஸ்குவாட்டில் நூறு கிலோ ஏற்றுகிற காலுக்கு இது பலப் பயிற்சியா?

நிழல்துரத்தி:

வாதம் முழுக்க வாட்டிலேயே போகிறது, எலும்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு 47 வயது. இடுப்பில் அடிபட்டு ஸ்கேன் எடுத்தபோதுதான் முதுகெலும்பின் அடர்த்தி வயதுக்குக் குறைவு என்று தெரிந்தது, அதுவரை நான்தான் எங்கள் குழுவிலேயே ஆரோக்கியமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் உடல் எடையைச் சீட் சுமக்கிறது, எலும்புக்கு அதிர்ச்சியே கிடையாது, அதனால் வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மன் 32 வயதில் ஓய்வு பெற்றாரே, அவருக்கே எலும்பு அடர்த்திக் குறைவு இருந்தது. நான் ஸ்குவாட்டும் தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்டும் ஆரம்பித்தது அந்த ஸ்கேனுக்குப் பிறகுதான். கடைசி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முன்னே மாதிரி கீழ்முதுகு கத்துவதில்லை, அது இலவசம்.

கடைசிவண்டி:

சரி, பாதி மனம் மாறிவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்வி போட்ட மறுநாளே ஆர்வத்தில் ஜிம்முக்குப் போய் 60 கிலோவில் ஐந்து செட் அடித்துவிட்டேன். இன்று மூன்றாம் நாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறேன். ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இப்படியே இருந்தால் சைக்கிள் எப்போது ஓட்டுவது?

மெதுமிதி:

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். சைக்கிள் மிதிக்கும்போது தசை சுருங்கும் வேலை மட்டும்தான், எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிற வேலை கிடையாது. ஸ்குவாட்டில் கீழே இறங்குவது முழுக்க அந்த வேலை, படி இறங்குவதும் அதே. நாலு வருடமாக உங்கள் தொடை அதை இவ்வளவு எடையோடு பார்த்ததே இல்லை. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இந்த வலி தானாக அடங்கும், ஆனால் 60 கிலோ வேண்டாம். பார்பெல் கம்பி மட்டுமே 20 கிலோ, அதில் தொடங்குங்கள்.

முதல் மூன்று, நாலு வாரம் லேசான எடையில் 10, 12 ரெப், முட்டி உள்பக்கம் சரியாமல், முதுகு வளையாமல் இறங்கக் கற்றுக்கொள்வது மட்டுமே வேலை. அப்புறம் எடையை ஏற்றி ரெப்பைக் குறைத்து 4 முதல் 6, மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. இறங்குவது நிதானமாக, எழும்புவது முடிந்தவரை வேகமாக. இன்னும் ஒரு ரெப் முடியும் என்கிற இடத்தில் நிறுத்திவிடவேண்டும், கை கால் நடுங்கும்வரை போகக்கூடாது. லேசான எடையில் முப்பது நாற்பது ரெப் அடித்தால் தாங்கும் சக்தி வரும் என்று பலர் சொல்வார்கள், அதைத்தான் சைக்கிளில் 16,000 தடவை செய்கிறீர்களே, ஜிம்மிலும் எதற்கு? அரை ஸ்குவாட், ஒற்றைக்கால் லெக் பிரஸ், முட்டியை மேலே இழுக்கும் பயிற்சி, கெண்டைக்காலுக்கு ஒன்று. போதும். நார்வே ஆட்கள் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

எந்த நாளில் என்பதுதான் எனக்கே இரண்டு சீசன் பிடித்தது. ஓய்வு நாளில் ஜிம் போனேன், ஓய்வே இல்லாமல் போய் எல்லா நாளும் அரைகுறையாக முடிந்தது. இப்போது காலையில் கடினமான இடைவெளிப் பயிற்சி (வேகமும் ஓய்வும் மாறி மாறி மிதிப்பது) இருக்கிற நாளிலேயே மாலையில் ஜிம், மறுநாள் சும்மா கால் சுற்றுவது மட்டும். இதை ரேஸ் இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாள் செய்யுங்கள். சீசன் தொடங்கியதும் அடியோடு விட்டுவிடாதீர்கள், அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வாரம் ஒரு நாள் செய்தவர்கள் 13 வாரம் பலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று ரோன்னஸ்டாட் 2010இலேயே காட்டியிருக்கிறார்.

பழையசக்கரம்:

55 கேடன்ஸ் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை, 27தான் வருகிறது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் இறங்கமாட்டேன். வாரத்துக்கு 5 மணி நேரம் மட்டுமே கிடைக்கிறவன் அதில் இரண்டை ஜிம்முக்குக் கொடுத்தால் அது நஷ்டம். கடைசிவண்டிக்கு 10 மணி நேரம் இருக்கிறது, அவர் போகட்டும். அப்புறம் தம்பி, கடைசி 5 கிலோமீட்டரில் கால் செத்துப்போவதற்கு முதல் இரண்டு மணி நேரம் காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் ஓட்டியதும் காரணமாக இருக்கலாம். பவர் மீட்டர் பதிவை எடுத்து, நடுவில் எத்தனை தடவை 400 வாட்டைத் தாண்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசிவண்டி:

எண்ணினேன். முதல் இரண்டு மணி நேரத்தில் 61 தடவை. அதில் பாதி திருப்பங்களில் பின்னால் தொங்கிவிட்டு மறுபடி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

காலிக் கம்பியோடு திங்கட்கிழமை தொடங்குகிறேன், படி இறங்க முடிந்தால்.