குழாய் ஓடினாலே மகள் அழுகிறாள், வழி சொல்லுங்க

வணக்கம். பெங்களூரு கே.ஆர்.புரத்துல இருக்கோம். பொண்ணுக்கு 12 வயசு. 2024 மார்ச்ல எங்க அபார்ட்மெண்ட் போர்வெல் வத்திப்போய், டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். குடிநீர்ல கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்ச நேரம் அது. அப்புறம் அக்டோபர்ல காவிரித் தண்ணியை பெங்களூருக்குக் கொண்டுவர்ற ஐந்தாம் கட்டத் திட்டமும் வந்தாச்சு. அவ மனசுல இருந்த பயம் மட்டும் போகலை.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை வாளியில பிடிச்சு மல்லிச் செடிக்கு ஊத்துறா. அது எனக்குப் பெருமைதான். ஆனா நேத்து அவங்க அப்பா குழாயைத் திறந்து வச்சே ஷேவ் பண்ணிட்டிருந்தார். ஓடிவந்து மூடினவ, கதவுக்குப் பின்னாடி உக்காந்து விம்மி விம்மி அழுதா. "நான் பெரியவளாகும்போது தண்ணியே இருக்காதாம்மா?"ன்னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. குளிக்க அரை வாளிக்கு மேல பிடிக்க மாட்டேங்குறா.

2021ல 10 நாடுகள்ல 16 முதல் 25 வயசுக்குள்ள 10,000 பேர்கிட்ட நடந்த ஆய்வுல பாதிக்கு மேல பருவநிலை மாற்றத்தை நினைச்சு கடுமையான கவலையில இருக்காங்கன்னு வந்துச்சு. இந்தியாவும் அதுல உண்டு. அதனால இதைப் பிடிவாதம்னு தள்ள எனக்கு மனசு வரலை.

பொய் சொல்லாம, பயமுறுத்தாம இவகிட்ட எப்படிப் பேசுறது? தமிழ்ல பேசுற குழந்தைகள் மனநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா? கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏரி சுத்தம் பண்ணப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க இருந்தா சொல்லுங்க. நாலு பேரோட சேர்ந்து செஞ்சா அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்னு தோணுது. ஞாயித்துக்கிழமை எந்நேரமும் வருவோம்.