இந்தி பேசும் நண்பருடன் பயிற்சி: திருத்தம் கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை

கேள்வி

ஆறு மாதங்களாக இந்தி கற்று வருகிறேன். தேவநாகரியைத் தடையின்றி வாசிக்க முடிகிறது. பேச்சும் வர வேண்டும் என்பதற்காக, இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவருடன் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் காணொளி அழைப்பில் பேசுகிறேன்; பாதி நேரம் எனக்காக இந்தி, மீதி நேரம் அவருக்காகத் தமிழ். சென்ற வாரம் நான் “மை கிதாப் படா” (நான் புத்தகம் படித்தேன்) என்றதும், “மைனே கிதாப் படீ” என்று திருத்தினார். படித்த நான் ஆணாக இருக்க, வினை ஏன் பெண்பாலில் வருகிறது என்று கேட்டேன். “அப்படித்தான் சொல்வோம்” என்பதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. இருவருக்கும் சங்கடமாகி, ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டோம். இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

மறுமொழி 1

‘எனக்குத் தெரியும்’ என்பதில் ஏன் ‘நான்’ வரவில்லை என்று அவர் உங்களிடம் கேட்டிருந்தால், நீங்களும் ‘அப்படித்தான் சொல்வோம்’ என்றே சொல்லியிருப்பீர்கள். தாய்மொழியாளரிடம் சரி எது, பிழை எது என்ற தீர்ப்பு இருக்கும். விதி இருக்க வேண்டியதில்லை. விதியைப் புத்தகத்தில் பாருங்கள்.

முடிந்த செயலைச் சொல்லும்போது, செயப்படுபொருள் குன்றா வினையாக இருந்தால் எழுவாய் ‘னே’ பெறும். வினை, செய்தவரை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பாலைப் பின்பற்றும். கிதாப் பெண்பால், ஆகவே ‘படீ’. செயப்படுபொருளோடு ‘கோ’ சேர்ந்துவிட்டால் வினை ஆண்பால் ஒருமையிலேயே நின்றுவிடும்: “மைனே லட்கீ தேகீ”, ஆனால் “மைனே லட்கீ கோ தேகா” (இரண்டுமே ‘நான் பெண்ணைப் பார்த்தேன்’). லானா (கொண்டுவருதல்), பூல்னா (மறத்தல்), போல்னா (பேசுதல்) ஆகியவை பொதுவாக ‘னே’ ஏற்பதில்லை.

நண்பரிடம் ‘ஏன்’ என்று கேட்காமல், “இதே போல் இன்னும் ஐந்து வாக்கியங்கள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். புதிய பெயர்ச்சொல் எதைக் கேட்டாலும் ‘என்’ என்று பொருள்படும் ‘மேரா’ (ஆண்பால்) அல்லது ‘மேரீ’ (பெண்பால்) சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேரா கமரா (என் அறை), மேரீ குர்ஸீ (என் நாற்காலி) என்று காதில் விழுந்த சொல்லின் பால் எளிதில் மறப்பதில்லை.

மறுமொழி 2

இலக்கணத்தைவிட ஒலிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. நண்பரின் உண்மையான பயனும் அங்கேதான் இருக்கிறது. உணவைக் குறிக்கும் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘கானா’ என்றே எழுதுகிறோம். கரடிக்கும் மணலுக்கும் உரிய சொற்கள் இரண்டும் ‘பாலூ’தான். இந்தியில் இவை வெவ்வேறு ஒலிகள். நண்பர் இரண்டில் ஒன்றை மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லட்டும், நீங்கள் எது என்று தாளில் குறியுங்கள். காது பிரித்தறியாத ஒலியை நாக்கு பிரித்துச் சொல்லாது.

மற்றபடி, தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘லிக் லோ’ என்றால் எழுதிக்கொள், ‘லிக் தோ’ என்றால் எழுதிக்கொடு. ‘கிதாப்-விதாப்’ நம்முடைய புத்தகம் கித்தகமேதான். ‘முஜே ஹிந்தி ஆதீ ஹை’ என்பதும் ‘எனக்கு இந்தி வரும்’ என்ற அதே அமைப்பில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக யோசித்தால் இவை கடினமாகத் தோன்றும், தமிழிலிருந்து நேரே சென்றால் ஏற்கெனவே பாதி வழி நடந்துவிட்டோம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பேச்சின் நடுவே திருத்துவது நல்லதா?

மறுமொழி 1

பொருள் புரியாதபோது மட்டும் உடனே திருத்தட்டும். மற்றவற்றைக் குறித்துவைத்துக் கடைசிப் பத்து நிமிடங்களில் சொல்லட்டும். ஆங்கிலத்துக்குத் தாவாமல் இருக்க, “பிர் ஸே போலியே” (மறுபடி சொல்லுங்கள்), “இஸே ஹிந்தி மே க்யா கஹ்தே ஹைன்?” (இதை இந்தியில் எப்படிச் சொல்வார்கள்?) என்ற இரண்டையும் தயங்காமல் சொல்லப் பழகுங்கள். சொல் தெரியாத இடத்திலும் உரையாடல் இந்தியிலேயே நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நேற்றுச் செய்து பார்த்தோம். கரடியையும் மணலையும் பத்தில் நான்கு முறைதான் சரியாகக் குறித்தேன். பிறகு அவருக்காக நான் ‘பல்லி’, ‘பள்ளி’ என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் மூன்றைத்தான் சரியாகப் பிடித்தார். அடுத்த வாரமும் இதே நான்கு சொற்களோடு தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.